மூலையில் வைத்த பொட்டு

கண்ணாடி உடைந்தால் 'சிலீர்' என்று சத்தம் வரும் என்றுதான் கதை எழுதுகிறவர்கள் எல்லாரும் எழுதுகிறார்கள். அவர்களில் ஒருத்தராவது எங்கள் பட்டறைக்கு வந்து பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். அன்றைக்கு என் கண் முன்னால் உடைந்த கண்ணாடி 'டொப்' என்று ஒரே ஒரு சத்தம்தான் போட்டது. அதற்குப் பிறகு, மூட்டை அவிழ்ந்து ரேஷன் அரிசி கொட்டுகிற மாதிரி பொலபொலவென்று ஒரு நீளச் சத்தம். அவ்வளவுதான்.

ஆறடிக் கண்ணாடி அது. ஒரு நொடிக்கு முன்னால் வரை மெஷின் மேல் சாதுவாகப் படுத்திருந்தது. மறு நொடி அத்தனையும் கல்கண்டாகிக் கிடந்தது.

நான் பச்சைப் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. எடுத்தால் அமுக்கியது நான்தான் என்று தெரிந்துவிடும் போல, அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். அந்த மெஷினைப் பட்டறையில் வேறு யாரும் தொடுவதே இல்லை என்பது அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது.

அன்றைக்கு விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து, முதல் வேலை என்று சொல்லி ஆரம்பித்த வேலை. பக்கத்தில் டில்லிபாபு ஊதுபத்தியோடு நின்றிருந்தான். கண்ணாடியைத் தூக்குவதும் கொண்டுபோய்ப் பொருத்துவதும் அவன் வேலை. யாரும் கேட்காமலேயே பட்டறைக்குப் பூசாரி வேலையும் அவன்தான் பார்க்கிறான். ஊதுபத்தியைப் பார்த்தான், குவியலைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான்.

"திருஷ்டி கழிஞ்சிச்சிக்கா," என்றான்.

தண்ணி அறுக்குமா?

இந்தத் தொடரை இந்த வாரம்தான் பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வரி. நான் ஸ்டெல்லா. ராயபுரத்துக்காரி. திருவொற்றியூரில் காதர் பாயின் கண்ணாடிப் பட்டறையில் பதினோரு வருஷம் ஆர்டர் எழுதினேன். அதற்குப் பிறகு மெஷின் ஓட்டினேன், இன்றும் ஓட்டுகிறேன். நடுவில் இருந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான் இந்த வாரம்.

மெஷின் என்றால் தண்ணீரால் அறுக்கிற மெஷின். தண்ணீரைப் பயங்கர அழுத்தத்தில், முடி நுழைகிற அளவு ஓட்டை வழியாகப் பீய்ச்சும். வழியில் கொஞ்சம் சிவப்பு மணல் அதோடு சேர்ந்துகொள்ளும். அந்தத் தண்ணீர்க் கம்பி கல்லை அறுக்கும், இரும்பை அறுக்கும், கண்ணாடியை அறுக்கும். கம்ப்யூட்டரில் நாம் என்ன கோடு போட்டுத் தருகிறோமோ அந்தக் கோட்டிலேயே போகும். கையில் வைரக் கட்டர் வைத்துக்கொண்டு நேர்கோடு கீறுவது சுலபம். நடுவில் ஓட்டை, உள்ளே வளைவு என்று போனால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு விரிந்து ஓடிவிடும். தண்ணீரிடம் அந்தத் திமிர் நடக்காது.

மெஷின் வந்த அன்றைக்கு டில்லி நம்பவே இல்லை. தண்ணி கண்ணாடியை அறுக்கும் என்றால், மழை பெய்யும்போது கொருக்குப்பேட்டையில் தன் வூட்டு ஜன்னல் எப்படி இத்தனை வருஷம் தப்பித்தது என்று கேட்டான். மெஷினைப் பொருத்த வந்த என்ஜினியர் பொறுமையாக அழுத்தத்தைப் பற்றி விளக்கினார். டில்லி தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அவர் போனதும் என்னிடம், "டபாய்க்கிறான்க்கா, உள்ள பிளேடு வெச்சிருக்கான்," என்றான்.

எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. மெஷினுக்கு அந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது, உள்ளே உப்புப் பிடித்துச் செத்துவிடும் என்று என்ஜினியர் கண்டிப்பாகச் சொன்னார். பாய் மெஷினுக்கென்றே தனியாகத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற பிளான்ட் ஒன்று வைத்தார். தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசையாக நிற்கும். உள்ளே மெஷின் இளநீர் மாதிரித் தண்ணீர் குடிக்கும். எங்களுக்குப் பொறுக்குமா?

ஒரு நாள் பாதி வேலையில் மெஷின் கூவிக்கொண்டு நின்றுவிட்டது. தண்ணீர்த் தொட்டி காலி என்றது. என்ஜினியரைக் கூப்பிட்டனுப்பினோம். அரை நாள் ஒவ்வொரு குழாயாகத் தடவிக் கசிவைத் தேடினார். கசிவு பெஞ்சுக்கு அடியில் வரிசையாக நின்றுகொண்டிருந்தது, பன்னிரண்டு பாட்டில். வீட்டுக்குக் குழம்பு வைக்க ஒரு கேன் வேறு. கேன் என்னுடையது, அதை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மெஷினுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். மெஷினுக்குச் சக்கரம் இல்லை. டில்லி இதை நினைத்து இரண்டு நாள் சாப்பாடே சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பழத்தையே மெஷினில் படுக்கவைத்து, அதைத்தான் முதலில் அறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டான்.

என்ஜினியர், கையேட்டில் பழத்துக்கு இடமில்லை என்றார். பாய், "அறுங்க தம்பி, புள்ளைங்க மனசு," என்றார்.

அறுத்தார். பாதிப் பழம் தொட்டிக்குள் விழுந்தது, மறு பாதி என்ஜினியரின் வெள்ளைச் சட்டையில் போய் ஒட்டியது. அறுபட்ட முகம் அவ்வளவு வழவழப்பு. டில்லி அதைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனான். அவன் மனைவி அதைத் தெரியாமல் ரசத்தில் பிழிந்துவிட்டாள் என்று ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. தண்ணீர் அறுக்கும் என்று அன்றைக்குத்தான் நம்பினான்.

எனக்கு அந்த நாற்காலி வேண்டும்

மெஷினோடு வந்த ஆபரேட்டர், மூன்றாவது வாரமே காட்டுப்பள்ளிப் பக்கம் கப்பல் கட்டுகிற இடத்தில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். போனவர் நல்லவர், ஆனால் மத்தியானம் சாப்பிட்டதும் தூங்கியே ஆக வேண்டும். அந்த மூன்று வாரமும் அவர் தூங்குகிற நேரத்தில் மிச்ச வேலையை முடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஆர்டர் எழுதுகிறவள், படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறவள், அப்படியே பட்டனையும் அமுக்கிவிட்டாள்.

பாய்க்கு இது தெரியாது. பாயின் மச்சான், ஐடிஐ முடித்த ஓர் ஆள் கையில் இருக்கிறான் என்று தினமும் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

என் பழைய மேசை கழிவறைக் கதவுக்கு நேர் எதிரில். பதினோரு வருஷம் அங்கே உட்கார்ந்து, மற்றவர்கள் அறுக்கப்போகிற கண்ணாடிக்கு நீளமும் அகலமும் எழுதினேன். நான் போட்ட கோட்டிலேயே தண்ணீர் ஓடி, கண்ணாடிக்கு நடுவில் ஒரு வட்டம் தனியாகக் கழன்று விழுந்ததை முதல்தரம் பார்த்த அன்றைக்கு அந்த வட்டத்தைக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். காதலிக்கிற வயதில்கூட எதையும் அப்படிப் பொத்தி எடுத்துப் போனதில்லை. என் வீட்டுக்காரர் இதைப் படிப்பார், படிக்கட்டும்.

பாயிடம் போய்க் கேட்டுவிட்டேன். பாய் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார்.

"ஒரு மாசம் பாரும்மா," என்றார். "உன் தப்பால ஒரு கண்ணாடி உடையக் கூடாது. உடைஞ்சா மச்சான் சொல்ற ஆளு வந்துடுவான். அப்புறம் என்கிட்ட வருத்தப்படக் கூடாது."

சரி என்றேன். விஜயதசமி வந்தபோது அந்த மாதத்தில் ஐந்து நாள்தான் பாக்கி இருந்தது.

வஞ்சிரமா, சங்கராவா?

பூஜைக்கு முந்தின நாள் காசிமேட்டிலிருந்து லூர்து அண்ணன் வந்தார். மீன் வியாபாரி. ஏசி போட்டு, டைல்ஸ் போட்டு ஒரு புது மீன் கடை திறக்கப்போகிறார். முன்னால் கண்ணாடித் தடுப்பு, அதன் நடுவில் மீன் வடிவத்தில் ஓர் ஓட்டை. மீனை நிறுத்து, வெட்டி, பையில் போட்டு, அந்த மீன் வழியாகவே கையில் கொடுப்பாராம். எங்கள் பக்கத்தில் எவனும் இதுவரை யோசிக்காத யோசனை என்று அவரே இரண்டு தரம் சொன்னார்.

கம்ப்யூட்டரில் மீன் வரைந்து காட்டினேன். லூர்து அண்ணன் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, இது சங்கரா என்றார். வாலைத் திருத்தினேன். இப்போது கிழங்கான் என்றார். மீன் என்றால் மீன்தானே என்று நினைக்கிற ஊரில் நான் பிறக்கவில்லை, அதனால் வாயை மூடிக்கொண்டு வரைந்தேன். ஆறாவது தரம் வரைந்ததும் அவர் முகம் மலர்ந்தது. வஞ்சிரம். முள்வரிசைகூட வேண்டும் என்று ஆரம்பித்தார், டில்லி அவரை டீக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

கண்ணாடியும் அவரே கொண்டுவந்திருந்தார். எங்கேயோ இடித்த ஷோரூமிலிருந்து கழற்றிய மூன்று ஷீட். நடு ஷீட்டில் மீன், மற்ற இரண்டும் பக்கவாட்டுக்கு அப்படியே. மூன்றையும் சுவரில் சாய்த்து வைத்தோம். மறுநாள் பூஜை, அதற்கடுத்த நாள் விஜயதசமியில் முதல் வேலையாக மீனை அறுத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினேன். நல்ல நாளில் மீன் ஆரம்பிப்பது குறித்து டில்லிக்குக் கொஞ்சம் சங்கடம் இருந்தது. கண்ணாடி மீன்தானே, சைவம்தான் என்று சமாதானம் ஆனான்.

சந்தனக் கிண்ணம் என் கையில்

எங்கள் பட்டறைப் பூஜை ஒரு வினோதமான பூஜை. முதலாளி முஸ்லிம். பொரி, கடலை, வாழைக்கன்று, பூசணிக்காய் எல்லாம் அவர் செலவு. அவர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, முறையாக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்ப்பார். பொட்டு வைப்பது நான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண். காரணம், டில்லி வைத்தால் சந்தனம் வழிந்து ஓடும். என் கை சுத்தம். வட்டமாக, நடுவில் குங்குமம் சரியாக உட்காரும்படி வைப்பேன். எங்கள் பங்குச் சாமியாருக்கு இது தெரியும். நல்லா வைம்மா என்று மட்டும் சொன்னார்.

மெஷினுக்கு வைத்தேன். பம்புக்கு வைத்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு, கம்ப்யூட்டருக்கு, கண்ணாடி தூக்குகிற ரப்பர்க் கோப்பைகளுக்கு, எல்லாவற்றுக்கும் வைத்துக் கிண்ணத்தைக் கீழே வைக்கப்போனேன்.

"கண்ணாடிய விட்டுட்டியேம்மா," என்றார் பாய், நாற்காலியிலிருந்து. "அதுதானே சோறு போடுது?"

லூர்து அண்ணனின் மூன்று ஷீட்டும் சுவரோரம் நின்றன. எங்கே வைப்பது என்று யோசித்தேன். பாய் கையை நீட்டிக் காட்டினார்.

"அந்தக் கீழ் மூலையில என்னமோ அழுக்கு இருக்கு பாரு. அது மேலயே வெச்சுடு. மறைஞ்சுடும்."

பாய் அப்போதே செய்தித்தாளைக் கை முழுக்க நீட்டிப் பிடித்துத்தான் படிப்பார். இப்போதெல்லாம் எழுத்தைச் சின்னதாக அச்சடிக்கிறார்கள் என்பது அவர் கட்சி. கண்ணாடிக் கடைக்காரன் கண்ணாடி போட்டால் ஊர் சிரிக்கும் என்பார்.

குனிந்து பார்த்தேன். ஆமாம், நகத்தளவு வெளுப்பாக ஏதோ. அங்கே இருட்டு, எனக்கு அவசரம், பின்னால் டில்லி மணி அடித்துக்கொண்டே இருக்கிறான். மூன்று ஷீட்டிலும் அந்த இடத்திலேயே மூன்று பொட்டு வைத்தேன். ரொம்ப லட்சணமாக இருந்தது.

மேல்கோட்டுப் பையில் ஒரு மணி

இப்போது மறுநாளுக்கு வருவோம். நான் இன்னும் பச்சைப் பட்டன் மேல் விரல் வைத்தபடி நிற்கிறேன்.

பாய் வந்தார். குனிந்து ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். கையில் ஒரு கீறல் இல்லை.

"டஃபன்டு," என்றார்.

கண்ணாடியில் இரண்டு வகை. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி கத்தியாக உடையும். அதை உலையில் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் டஃபன்டு ஆகிவிடும். அடித்தால் தாங்கும், உடைந்தால் மணி மணியாகக் கொட்டும், ஆளைக் குத்தாது. ஆனால் ஒருதரம் அப்படி ஆக்கிவிட்டால் பிறகு அதை எதனாலும் அறுக்க முடியாது, தண்ணீராலும் முடியாது. ஓட்டை, வளைவு எல்லாம் உலைக்குப் போகும் முன்பே முடித்துவிட வேண்டும். இட்லியாக வெந்த பிறகு அதே மாவில் தோசை வார்க்க முடியுமா? அதனால்தான் டஃபன்டு கண்ணாடியின் ஒரு மூலையில் அழியாத மாதிரிச் சின்னதாக மார்க் பொறித்திருப்பார்கள். அறுக்கிறவர் முதலில் நாலு மூலையையும் பார்க்க வேண்டும். மெஷின் பாடத்தில் முதல் பாடமே அதுதான்.

"மார்க் பார்த்தியாம்மா?" என்று கேட்டார் பாய்.

"பார்த்தேன் பாய். மார்க் இல்ல," என்றேன்.

சத்தியமாக நான் பார்த்தேன். மூன்று மூலையில் ஒன்றும் இல்லை, நான்காவது மூலையில் பொட்டு. அந்த நிமிஷம் வரை நான் பொய் சொல்லவில்லை.

பாய் தலையாட்டினார். சில பழைய கண்ணாடியில் மார்க் இருக்காது, அது கொண்டுவந்தவர் பொறுப்பு என்று சொல்லிவிட்டு லூர்து அண்ணனுக்குப் போன் செய்யப் போனார். எனக்கு மூச்சு வந்தது. துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தேன்.

குவியலுக்குள் சிவப்பாக ஒரு மணி. என் குங்குமம். எடுத்து, கட்டை விரலால் சந்தனத்தைத் தள்ளினேன். அடியில் வெள்ளையாக, வளைந்த கோடு ஒன்று, ஏதோ ஓர் எழுத்தின் முதுகு.

அழுக்கு என்று நாங்கள் மறைத்தது எது என்று அப்போதுதான் புரிந்தது.

நான் அந்த மணியை மேல்கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நல்ல பெண்ணாக இருந்தால் அதை அப்படியே பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். நான் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டேன். கழிவறைக் கதவுக்கு எதிரில் இருந்த பழைய மேசை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டில்லியின் கூலிங் கிளாஸ்

லூர்து அண்ணன் பதினொரு மணிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"மார்க்கு இருந்துச்சின்னா உங்க மேல தப்பு, இல்லன்னா என் மேல தப்பு," என்றார். "மிச்சம் ரெண்டும் அதே எடத்துலேர்ந்து வந்த சரக்குதான். காட்டுங்க, பாத்துட்டுப் போறேன்."

எல்லாரும் சுவரோரம் போனோம். லூர்து அண்ணன் மீனின் செவுளைப் பார்க்கிறவர் ஆயிற்றே, ஒவ்வொரு மூலையாக நிதானமாகப் பார்த்தார். மேலே இரண்டு, கீழே ஒன்று. கடைசியில் பொட்டுக்கு முன்னால் வந்து நின்றார். இதைத் தொடைங்க என்றார்.

டில்லி குறுக்கே வந்தான். பூஜையில் வைத்த பொட்டை யாரும் துடைக்கக் கூடாது, அதுவாகக் காய்ந்து உதிர வேண்டும், அதுவும் விஜயதசமி அன்றைக்கா, இன்னா அண்ணே நீ என்றான். பாய் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். அது புள்ளைங்க சாமி, நான் கை வைக்க மாட்டேன் என்றார். லூர்து அண்ணன், தானும் புதுக்கடை திறக்கிற நேரம், எந்தச் சாமியோடும் வம்பு வேண்டாம் என்று ஓரடி பின்னால் போனார்.

ஒரு பொட்டுக்கு முன்னால் மூன்று ஆம்பிளைகள் மரியாதையாக நிற்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பையில் இருந்த மணி அந்தச் சிரிப்பை அடக்கியது.

அப்போதுதான் டில்லி என்னைக் காப்பாற்றக் கிளம்பினான். அவனிடம் ஒரு கூலிங் கிளாஸ் உண்டு. காத்திவாக்கத்தில் இறால் பிடிக்கிற அவன் சகலை கொடுத்தது. அதை மாட்டினால் தண்ணீர் கண்ணைக் கூசாமல் அடியில் ஓடுகிற இறால் தெரியுமாம். டில்லி அதைப் பட்டறைக்குள்ளும் மாட்டிக்கொண்டு திரிவான், நாங்கள் கிண்டல் செய்வோம்.

"தொடைக்க வேணாம்," என்றான். "இத்த மாட்டிகினு வெளிச்சத்துல சாச்சிப் பாருங்க. டஃபன்டுன்னா உள்ள புள்ளி புள்ளியா கீது. நான் எத்தினி நாளா பாத்துகினு கீறேன்."

பாய் மாட்டிப் பார்த்தார். லூர்து அண்ணன் மாட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெறும் கண்ணுக்குப் பச்சைத் தண்ணீராக இருந்த கண்ணாடிக்குள் வரிசை வரிசையாக மங்கலான புள்ளிகள். இரண்டு ஷீட்டும் டஃபன்டுதான், சந்தேகமே இல்லை.

டில்லி என்னைப் பார்த்து ஒரு வெற்றிச் சிரிப்புச் சிரித்தான். லூர்து அண்ணன் கூலிங் கிளாஸைக் கழற்றி மெதுவாக அவன் கையில் வைத்தார்.

"அப்ப இத்த நேத்தே மாட்டிப் பாத்துருந்தா என் கண்ணாடி ஒடஞ்சிருக்காதே?"

டில்லியின் சிரிப்பு நின்றது. என்னைக் குழியிலிருந்து தூக்க வந்தவன் மேலே மண்ணையும் தள்ளிவிட்டான், பாவம்.

நான் துடைத்தேன்

மார்க் உண்டா இல்லையா என்பது இன்னும் பொட்டுக்கு அடியில்தான் இருந்தது. எல்லாரும் பொட்டு வைத்த என்னைப் பார்த்தார்கள். நானும் கோயிலுக்குப் போகிறவள்தான், எனக்கும் அடுத்தவர் பூஜை மேல் மரியாதை உண்டு. நான் மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொட்டு அங்கேயே இருக்கும், பழி லூர்து அண்ணன் தலையில் விழும், ஐந்து நாள் ஓடும், நாற்காலி என்னுடையது.

இன்னொரு வழியும் இருந்தது. அங்கே வைக்கச் சொன்னது பாய்தானே என்று சொல்லிவிடலாம். உண்மைதான் அது. நாக்கு நுனிவரை வந்தது. பாய் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. முந்தின நாள் சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. யார் எங்கே வைக்கச் சொன்னால் என்ன, மூலையைப் பார்க்க வேண்டியது அறுக்கிறவள் வேலை. நாற்காலி வேண்டும் என்று கேட்டபோது இந்த வேலையையும் சேர்த்துத்தானே கேட்டேன்?

லூர்து அண்ணன் பொழுது விடியும் முன் ஏலத்தில் நின்று மீன் எடுக்கிற மனிதர். அவர் தலையில் இதைக் கட்டிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு உட்காரத் தெரியுமா? எனக்கே என் மேல் கோபம் வந்தது.

துப்பட்டா நுனியைத் தண்ணீரில் நனைத்தேன். மெஷின் குடிக்கிற தண்ணீர்தான், சுத்தமானது. டில்லி கண்ணை மூடிக்கொண்டான். மனதுக்குள், கோபிக்காதே என்று ஒரு வார்த்தை சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. துடைத்தேன்.

சந்தனம் போய்விட்டது. குங்குமம் மட்டும் பொறித்த எழுத்துகளுக்குள் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. வெளுப்பாக, அழுக்கு மாதிரி இருந்த மார்க், இப்போது செக்கச்செவேலென்று, எட்டடி தள்ளி நின்றாலும் படிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

பையிலிருந்து அந்த மணியையும் எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்தேன்.

"நான்தான் மூடினேன்," என்றேன். "அழுக்குன்னு நெனச்சேன். காலையிலயே தெரியும், சொல்லல. தப்பு என்னுது பாய்."

டில்லி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான்.

பாய் கிட்டே வந்தார். குனிந்தார். எழுத்துகளைப் பார்த்தார். சரியாகத் தெரியவில்லை போல, பின்னால் நகர்ந்து, கழுத்தைச் சாய்த்து, இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து பார்த்தார். பிறகு அந்த மணியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"லூர்து, உடைஞ்ச கண்ணாடி என்னுது. நீ கவலைப்படாத," என்றார். "டில்லி, உள்ளேர்ந்து சாதாக் கண்ணாடி ஒண்ணு எடுத்துட்டு வா. ஸ்டெல்லாம்மா, மெஷினை ஆன் பண்ணு."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நாலு மூலையையும் நான்கு தரம் பார்த்தேன், பக்கத்தில் டில்லி கூலிங் கிளாஸ் மாட்டி ஐந்தாவது தரம் பார்த்தான். கண்ணாடியை ஏற்றினோம். அழுத்தத்தைக் குறைத்து முதல் துளை போட்டேன், மூச்சை விடவில்லை. அப்புறம் தண்ணீர் தலையில் ஆரம்பித்து, முதுகு வழியாக வால்வரை போய், வயிற்றுப் பக்கம் திரும்பி வந்தது. வஞ்சிரம் தனியாகக் கழன்று மெதுவாக இறங்கியது. லூர்து அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, சங்கரா இல்ல என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. ஓட்டையிலிருந்து விழுந்த அந்தக் கண்ணாடி மீன் இன்றைக்கும் என் கம்ப்யூட்டர் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது.

நடுவில் வை

மறுநாள் காலையில் பாய் மூக்கின் மேல் கறுப்பு ஃப்ரேம் போட்ட கண்ணாடியோடு வந்து இறங்கினார். டில்லி, கெத்தா கீற பாய் என்றான். பேப்பரில் எழுத்து ரொம்பச் சின்னதாகிவிட்டது, அதற்காகத்தான் என்று பாய் பொதுவாக எல்லாரிடமும் சொன்னார். யாரும் கேட்கவே இல்லை.

ஐந்து நாள் போனது. ஆறாவது நாளும் போனது. மச்சான் போன் செய்தபோது, ஆள் இருக்காங்க என்று பாய் சொன்னது என் காதில் விழுந்தது. என் பழைய மேசையில் இப்போது காலி மணல் மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறோம்.

அடுத்த வருஷ பூஜையில் சந்தனக் கிண்ணத்தோடு கண்ணாடிகளிடம் போனேன். நாற்காலியிலிருந்து பாயின் குரல் வந்தது.

"நடுவுல வைம்மா."

நடுவில் வைத்தேன். அதற்கடுத்த வருஷமும் நடுவில். இப்போது அது எங்கள் பட்டறையின் சம்பிரதாயம் ஆகிவிட்டது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு டில்லி விளக்கம் சொல்வான். மூலையில் வைத்தால் லட்சுமி அப்படியே வெளியே நடையைக் கட்டிவிடுவாள், நட்ட நடுவில் வைத்தால் நகர மாட்டாள் என்பான். அந்தக் காலத்திலிருந்து அப்படித்தான் என்பான். பக்கத்து லேத் பட்டறைக்காரர் போன வருஷம் இதைக் கைகட்டிக் கேட்டுக்கொண்டு போனார். இந்த வருஷம் அவர் பட்டறையில் எட்டிப் பார்த்தேன். எல்லா மெஷினுக்கும் நட்ட நடுவில் பொட்டு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திரும்பி வந்து பாயிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. துடைத்து முடித்து, மாட்டிக்கொண்டு, சுவரோரம் நின்ற ஷீட்டுகளைக் காட்டினார்.

"மூலையெல்லாம் பார்த்துட்டியாம்மா?"

"பார்த்துட்டேன் பாய்."

பாய் மூக்குக் கண்ணாடியை விரலால் மேலே தள்ளிக்கொண்டார்.

"நானும் பார்த்துட்டேன்," என்றார்.